மதிய அடைப்பா, ஞாயிறு லீவா, ஆள் வைப்பதா? குமரி மாவட்டப் பலசரக்குக் கடைகளுக்கு ஒரு கணக்கு

ஒற்றை ஆளாக நடத்தும் பலசரக்குக் கடையைக் காலை 6 மணிக்குத் திறந்து ராத்திரி 9.30க்கு அடைத்தால் பதினைந்தரை மணி நேரம் கல்லாவிலேயே போய்விடும். அதிலிருந்து வீட்டுக்கு நேரம் எடுக்க மூன்று வழி உண்டு: மதியம் அடைப்பது, ஞாயிறு அடைப்பது, ஆள் வைத்துத் திறந்தே வைப்பது. கணவன் காலை, மனைவி சாயங்காலம் என்று முறை போடுவதும் ஒரு வழிதான். செலவு இல்லை, ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது அதோடு நின்றுபோகும். அதனால் அதை இங்கே எடுக்கவில்லை.

முதலில் இரண்டு வாரம் மணிவாரி விற்பனையைக் குறியுங்கள். யுபிஐ வசூல் ஆப்பிலேயே நேரத்தோடு கிடக்கும். ரொக்கத்துக்குக் காலை 10, மதியம் 1, சாயங்காலம் 4, ராத்திரி 7, அப்புறம் அடைக்கும் நேரம் என்று கல்லாவை எண்ணி எழுதினால் போதும். பற்று நோட்டில், அதாவது கடன் கணக்கில், ஏறியதையும் சேர்க்கணும். அதை விட்டால் சம்பள வீடுகள் அதிகமுள்ள தெருவில் மாதக் கடைசி விற்பனை பாதியாகத் தெரியும்.

பெரும்பாலான கடைகளில் வியாபாரம் படுத்துக் கிடப்பது 1.30 முதல் 3.30 வரை. அந்த நேரத்தில் 1,500 ரூபாய்க்கு ஓடுகிறது, சராசரி லாபம் நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அடைத்தால் போவது 150 ரூபாய். அதுவும் முழுசாகப் போகாது. அரிசி, எண்ணெய் வாங்குகிறவர் நாலு மணிக்குத் திரும்பி வருவார். குளிர்பானமும் மிக்சர் பாக்கெட்டும்தான் கை நழுவும். குலசேகரம், அருமனை பக்கம் மட்டும் நேரத்தைப் பார்த்து வையுங்கள். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் வேலை முடிந்து மதியத்தை ஒட்டித்தான் சாமான் வாங்குவார்கள். அங்கே 2 மணிக்கு முன் ஷட்டரை இறக்க வேண்டாம். பள்ளிக்கூடம் பக்கத்தில் இருந்தால் 3.30க்குத் திறந்தே ஆகணும்.

மதிய அடைப்பு கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, லைன் வண்டி. ஏஜென்சிக்காரர் சரக்கோடு 2 மணிக்கு வந்து நிற்பார். போன் போட்டால் நீங்கள் எழுந்து போவீர்கள். காலை 10 முதல் 12க்குள் இறக்கினால்தான் அன்றைக்கே காசு என்று ஒரு மாதம் பிடிவாதமாக நின்றால் ரூட்டை மாற்றிக்கொள்வார்கள். இன்னொன்று, கடைக்கு மேலேயோ பின்னாலேயோ வீடு இருப்பது. ஒரு தீப்பெட்டிக்காக ஒரு தடவை பக்கக் கதவைத் திறந்துவிட்டால், அடுத்த வாரம் முதல் மதியமும் வியாபாரம் நடக்கும், பக்கக் கதவு வழியாக. ஜிஎஸ்டி கணக்கையும் அந்த நேரத்தில் வைக்காதீர்கள். காம்போசிஷனில், அதாவது சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டத்தில், இருப்பவர்கள் வரி கட்டுவது மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான், காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 18ஆம் தேதிக்குள்.

ஞாயிறு லீவு ஊரைப் பொறுத்தது. நாகர்கோவிலில் கோர்ட், கலெக்டர் ஆபீஸ் பக்கம் இருக்கும் ஜெராக்ஸ், ஸ்டேஷனரி கடைகள் யோசிக்காமல் முழு நாளும் அடைக்கலாம். மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் பலசரக்குக்கு அது சரிவராது. பூசை, ஆராதனை முடிந்து வருகிறவர்கள் இறைச்சி வாங்கின கையோடு மசாலா, தேங்காய், வெங்காயம் எடுக்கும் நேரம் அது. அங்கே 1 மணிக்கு அடைத்து திங்கள் காலை திறப்பதுதான் பொருந்தும். கன்னியாகுமரி சன்னதி தெருவில் ஞாயிறு அடைக்கச் சொன்னால் சிரிப்பார்கள். கார்த்திகை முதல் தை முதல் வாரம் வரை, ஐயப்ப சாமிமார் வரும் காலத்தில், எந்த நாளும் அடைக்க முடியாது. அவர்கள் லீவைச் செவ்வாய், புதனுக்கு மாற்றிக்கொள்ளலாம். லீவுக்கு முந்தின நாள் பால், பிரெட், கீரை ஆர்டரைப் பாதியாக்கணும். மறந்தால் லீவின் லாபம் குப்பையில் போகும்.

ஆள் வைப்பதில்தான் பலருக்கும் கணக்கு தப்புகிறது. சம்பளம் 12,000, சாயா சாப்பாடு 1,500, வருஷத்துக்கு ஒரு மாத போனஸைப் பிரித்தால் 1,000: மொத்தம் 14,500. பத்து சதவீத லாபத்தில் இதை எடுக்க மாதம் 1,45,000 ரூபாய்க்குக் கூடுதல் விற்பனை வேணும். 26 நாளைக்குப் பிரித்தால் நாளுக்கு ஏறக்குறைய 5,600. மதிய 1,500 ரூபாயைக் காப்பாற்ற ஆள் வைப்பது நட்டம். அவர் நிற்கும் நேரத்தில் நீங்கள் கோட்டாறு மார்க்கெட்டில் நேரடியாகக் கொள்முதல் செய்து விலையைக் குறைத்தால் மட்டுமே கணக்கு நிற்கும். தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டமும் இருக்கிறது: நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு. 2021 திருத்தத்துக்குப் பின் உட்கார இருக்கையும் கட்டாயம். ஆக ஒரே ஆளை வைத்துப் பதினைந்தரை மணி நேரத்தையும் நிரப்ப முடியாது.

வைத்தே தீரணும் என்றால் ஒப்படைப்பை இப்படிச் செய்யுங்கள். கல்லாவில் சில்லறையாக 2,000 ரூபாய் மட்டும் விட்டு, நோட்டுவாரியாக ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து. யுபிஐ ஸ்பீக்கர் உங்கள் கணக்கில் மட்டும் பேசணும். ஸ்டாண்டில் ஒட்டியிருக்கும் க்யூஆர் உங்களுடையதுதானா என்று வாரம் ஒருமுறை ஒரு ரூபாய் போட்டுப் பாருங்கள். பற்று கொடுக்கும் அதிகாரம் கூடாது, கூடிப்போனால் பத்து வீட்டுப் பெயர் எழுதிக் கொடுத்து அவர்களுக்கு மட்டும். எண்ணெய், பருப்பு விலை மாறும் நாளில் புது விலையைத் தராசுப் பக்கம் ஒட்டுங்கள். துண்டு விழுவது திருட்டால் என்று நினைப்போம். பழைய விலைக்கு எடை போட்டுக் கொடுப்பதால்தான் அதிகம் விழும்.

எங்கள் வரிசை இது: மதிய அடைப்பு முதலில், மூன்று மாதம் நிலைத்தபின் ஞாயிறு அரை நாள், நாள் விற்பனை 20,000ஐத் தாண்டினால் ஆள். குளச்சல், முட்டம் போன்ற மேற்குக் கடற்கரை ஊர்களில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகு நிற்கும் அந்த இரண்டு மாதம் விற்பனை எப்படியும் இறங்கும், பற்று ஏறும். குடும்பத்தோடு ஒரு வாரம் வெளியூர் போக ஜூலையை எடுங்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் செலவுக்கு எல்லோரும் கடனுக்கு நிற்பார்கள்.