அட்டையா, கைபேசியா, மடிக்கணினியா? போர்க்களத்தில் காயம்பட்டவரின் விவரத்தை எதில் எழுதுவது

குண்டடி பட்ட ஒருவரை முதலில் தொட்ட மெடிக், அதாவது படையோடு போகும் மருத்துவ உதவியாளர், என்ன செய்தார் என்பது, அடுத்து அவரைப் பார்க்கப்போகும் டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். ரத்தம் நிற்க கை காலை இறுக்கும் டூர்னிகே பட்டையை எத்தனை மணிக்குக் கட்டினார்கள், வலிக்குக் கெட்டமின் கொடுத்தார்களா, எவ்வளவு கொடுத்தார்கள், ரத்த அழுத்தம் ஏறுகிறதா இறங்குகிறதா, இவ்வளவுதான். இதை எதில் எழுதுவது என்பதற்கு இப்போது மூன்று பதில்கள் போட்டியில் இருக்கின்றன: காகித அட்டை, மடிக்கணினியோடு இணைந்த கையடக்கக் கருவி, ஆண்ட்ராய்டு கைபேசி. மூன்றையும் வருடக்கணக்கில் பயன்படுத்திப் பார்த்தது அமெரிக்க ராணுவம்தான், அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்து வரும். ஆனால் கோலாலம்பூரில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு நம் வெயிலும் மாலை மழையும் காடும்தான் முதலில் கண்ணில் படும், அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

என் கட்சி எது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். எது நவீனமானது என்ற கேள்வியை விட்டுவிடுங்கள், காயம்பட்டவர் உங்கள் கையில் எவ்வளவு நேரம் இருக்கப்போகிறார் என்று கேளுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அட்டை

அமெரிக்கர்களின் அட்டைக்கு டிடி 1380 என்று பெயர். முன்பக்கத்தில் ஒரு மனித உருவப் படம், காயம் எங்கே என்று அதில் குறி போட்டால் போதும். கை கால் ஒவ்வொன்றுக்கும் டூர்னிகே கட்டிய நேரம் எழுதத் தனித்தனிக் கட்டம். கீழே நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு, ஆக்சிஜன் அளவு, வலி எல்லாம் எழுத நான்கே நான்கு பத்திகள், ஒவ்வொரு தடவை பார்ப்பதற்கும் ஒரு பத்தி. பின்பக்கத்தில் கொடுத்த சிகிச்சையும் மருந்தும். மார்க்கர் பேனா ஒன்று இருந்தால் வேலை முடிந்தது. சார்ஜ் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், கீழே விழுந்தால் உடையாது.

இதைப் பழைய காலத்துச் சமாச்சாரம் என்று ஒதுக்குகிறவர்கள் அமெரிக்காவின் 75ஆவது ரேஞ்சர் படைப்பிரிவின் கதையைப் பார்க்க வேண்டும். தங்களுக்கென்று ஓர் எளிய அட்டை வைத்துக்கொண்டு, அதில் வந்ததையெல்லாம் ஒரு பதிவேட்டில் சேர்த்து, மெடிக் மட்டுமில்லாமல் ஒவ்வொரு வீரருக்கும் முதலுதவி கற்றுக்கொடுத்தார்கள். 2001 முதல் 2010 வரை அந்தப் பிரிவில் காயம்பட்டவர்கள் 419 பேர், அவர்களில் இறந்தவர்கள் 32 பேர். மருத்துவமனைக்கு வரும் முன் காப்பாற்றியிருக்கக்கூடிய மரணம் என்று அதில் ஒன்றுகூட இல்லை என்று 2011இல் வெளியான ஆய்வு சொன்னது. அட்டையே உயிரைக் காப்பாற்றியது என்று நான் சொல்ல வரவில்லை, பயிற்சிதான் காப்பாற்றியது. ஆனால் எந்தப் பயிற்சி பலன் தருகிறது என்று அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தது அந்த அட்டையில் எழுதி வைத்த விவரம்தான்.

அட்டையின் பலவீனங்களும் ஊரறிந்தவைதான். மழையில் நனைந்த கையோடு எழுதிய எழுத்தை அடுத்தவர் படிக்க முடியாது. ஹெலிகாப்டர் காற்றில் பறந்து போகும். அவசரத்தில் எழுதாமலே விட்டுவிடுவார்கள், இதுதான் எல்லாவற்றிலும் பெரிய குறை. பிறகு அந்த நான்கு பத்திகள். காயம்பட்டவர் ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுவார் என்றால் தாராளமாகப் போதும், ஒரு ராத்திரி முழுக்க உங்களோடு கிடக்கப்போகிறார் என்றால் நள்ளிரவுக்கு முன்பே இடம் தீர்ந்துவிடும். அதற்கென்று நீளமான காகிதப் படிவங்களும் வந்துவிட்டன என்பதையும் சொல்ல வேண்டும், காகிதம் அவ்வளவு சுலபமாகத் தோற்றுப்போகிற ஆசாமி இல்லை.

மடிக்கணினி

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1991 வளைகுடாப் போர் முடிந்து ஊர் திரும்பிய வீரர்கள் பலருக்கு இன்னதென்று புரியாத உடல் உபாதைகள் வந்தன. அங்கே என்ன நடந்தது, என்ன மருந்து கொடுத்தார்கள் என்று தேடினால் சரியான பதிவே இல்லை. அந்தச் சங்கடத்தில்தான் 1997இல் அமெரிக்காவில் சட்டமே கொண்டுவந்தார்கள், வெளிநாட்டுக்கு அனுப்பும் வீரர்களின் உடல்நிலையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று. அதைச் செய்து காட்ட வந்ததுதான் எம்சி4 என்ற ராணுவத் திட்டம். முன்வரிசை மெடிக்குக்குச் சட்டைப்பையில் அடங்கும் ஒரு கையடக்கக் கணினி, பின்னால் இருக்கும் கூடாரத்தில் முரட்டு மடிக்கணினிகள், மெடிக் திரும்பி வந்து இரண்டையும் இணைத்தால் விவரம் மேலே போய் அந்த வீரரின் வாழ்நாள் மருத்துவக் கோப்பில் சேர்ந்துவிடும்.

யோசனை நல்ல யோசனை, ஆனால் 'மெடிக் திரும்பி வந்து' என்ற இடத்தில்தான் இடிக்கிறது. காயம்பட்டவர் ஹெலிகாப்டரில் கிளம்பிப் போகிறார், அவருடைய விவரம் மெடிக்கின் பையிலேயே தங்கிவிடுகிறது! கூட ஓர் அட்டையும் எழுதித்தான் அனுப்ப வேண்டும், அப்படியென்றால் ஒரே வேலை இரண்டு தடவை. ஆனால் மேசையும் ஜெனரேட்டரும் உள்ள கள மருத்துவமனையில் மடிக்கணினியை அடித்துக்கொள்ள ஆளில்லை. மலேசியா 2017 டிசம்பரில் வங்காளதேசத்தின் கோக்ஸ் பஜாரில் ரோஹிங்கியா அகதிகளுக்காகத் திறந்தது போன்ற மருத்துவமனைகளை நினைத்துப் பாருங்கள். அங்கே வந்த நோயாளியே மறுபடி வருவார், பழைய கோப்பு வேண்டும், மருந்து இருப்பும் தெரிய வேண்டும். அதற்குக் கைபேசித் திரை போதாது.

கைபேசி

அமெரிக்க விமானப்படை ஆய்வுக்கூடம் உருவாக்கிய பேட்டாக் என்ற செயலிதான் இதில் முக்கியமான பெயர். எதிரிப் பகுதிக்குள் இறங்கி ஆட்களை மீட்டுவரும் வீரர்களை மனதில் வைத்துச் செய்தது, சாதாரண ஆண்ட்ராய்டு கைபேசியில் ஓடும், மார்பிலோ மணிக்கட்டிலோ மாட்டிக்கொள்ளலாம். காயம்பட்டவர்களின் உடலில் கம்பியில்லாச் சென்சார்களை ஒட்டிவிட்டால் பல பேருடைய நாடித்துடிப்பும் ஆக்சிஜன் அளவும் ஒரே திரையில் ஓடிக்கொண்டிருக்கும், யாருக்கு மோசமாகிறதோ அவரைப் பற்றி எச்சரிக்கை வரும். ஐந்து பேர் கிடக்கிறார்கள், மெடிக் ஒரே ஆள் என்ற நிலைமையில் அட்டையால் இதைச் செய்யவே முடியாது. அட்டைக்கு எழுதத் தெரியாது, நாம்தான் எழுத வேண்டும்.

இரண்டாவது லாபம் நேரக் கணக்கு. டூர்னிகே கட்டி இரண்டு மணி நேரத்துக்குள் அதைத் தளர்த்தி வேறு கட்டுக்கு மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும் என்பது பாடம், ஆறு மணி நேரம் தாண்டிவிட்டால் களத்தில் கை வைக்கவே கூடாது. களைத்துப்போன மனிதனுக்கு இந்தக் கணக்கு தவறும், கைபேசிக்குத் தவறாது. உக்ரைனில் ட்ரோன்களுக்குப் பயந்து பகலில் யாரையும் நகர்த்த முடியாமல் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் காத்திருக்கிறார்கள், டூர்னிகே நெடுநேரம் இருந்துவிட்டதாலேயே கால் இழந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

அப்புறம் ஏன் எல்லோரும் கைபேசிக்கு மாறவில்லை? முதல் காரணம் தண்ணீர். மழையில் உணவு டெலிவரி செய்கிறவர்களைப் பாருங்கள், கைபேசியைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அதன் மேல் விரலைத் துடைத்துத் துடைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். தொடுதிரைக்கு நீர்த்துளியும் விரலும் ஒன்றுதான். மெடிக்கின் கையில் கையுறை, கையுறையில் ரத்தம், வியர்வை வேறு. வெயிலில் வைத்தால் திரை தானாகவே மங்கும், ரொம்பச் சூடானால் அணைந்தே போகும்.

இரண்டாவது காரணம் இன்னும் மோசமானது, ரேடியோ அலை. சென்சாரும் கைபேசியும் பேசிக்கொள்கிற எதையும் எதிரி மோப்பம் பிடிக்கலாம். 2023 புத்தாண்டு அன்று கிழக்கு உக்ரைனின் மகீவ்காவில் ரஷ்ய வீரர்கள் தங்கியிருந்த கட்டடம் ராக்கெட்டில் தரைமட்டமானபோது, தடையை மீறி வீரர்கள் கைபேசி பயன்படுத்தியதுதான் முக்கியக் காரணம் என்று ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சே சொன்னது. மேலதிகாரிகள் பழியைச் சிப்பாய்கள் தலையில் கட்டினார்கள் என்று அங்கேயே முணுமுணுப்பு எழுந்தது, அது வேறு விஷயம். காயம்பட்டவர்களை ஓரிடத்தில் சேர்த்து வைத்து ஆளுக்கொரு சென்சார் மாட்டும் முன் இதை யோசிக்காமல் இருக்க முடியாது.

நேரம்தான் தீர்ப்பு

2009இல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ், ஆப்கானிஸ்தானில் காயம்பட்டவர்களை 60 நிமிடத்துக்குள் சிகிச்சைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். வானம் தங்கள் கையில் இருந்ததால் அது நடந்தது. அந்த ஒரு மணி நேர உலகத்தில் அட்டையே ராஜா. ஆனால் எல்லாப் போரும் அப்படி இருக்காது என்பது மலேசியர்களுக்குத் தெரியாததா? 1993 அக்டோபரில் சோமாலியாவின் மொகடிஷுவில் சிக்கிக்கொண்ட அமெரிக்க வீரர்கள் ராத்திரி முழுக்கக் காயம்பட்டவர்களை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர்களை வெளியே கொண்டுவரப் போனவை நம் ராணுவத்தின் காண்டோர் கவச வண்டிகளும் பாகிஸ்தானின் டாங்கிகளும், அந்த நடவடிக்கையில் மலேசிய வீரர் ஒருவர் உயிரிழந்தார். சபா, பேராக் காடுகளிலும் இதே கதைதான், மேகம் இறங்கிவிட்டால் ஹெலிகாப்டர் வராது, மரக்கூரைக்குக் கீழே கைபேசி லைனும் கிடைக்காது.

அதனால் என் தேர்வு இது. ஒவ்வொரு வீரரின் பையிலும் அட்டையும் மார்க்கரும், இதில் பேரமே இல்லை. மெடிக்கிடம் கைபேசி, ஆனால் நெட்வொர்க் இல்லாமலே முழுதாக வேலை செய்கிற செயலி, அலையை ஒரே தட்டலில் நிறுத்தும் வசதி. கொவிட் காலத்தில் கடைவாசலில் மைசெஜாத்ரா செயலியில் ஸ்கேன் பண்ணும் கட்டத்துக்குப் பக்கத்திலேயே ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் வைத்திருந்தார்களே, அந்த மாதிரி இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும். மடிக்கணினி பின்னால் கூடாரத்திலேயே இருக்கட்டும், முன்வரிசைக்கு வர வேண்டாம்.

இதே விஷயம் தைப்பூசத்தில் பத்துமலை அடிவாரத்தில் முதலுதவிக் கூடாரம் போடும் நம் தன்னார்வலர்களுக்கும் ஓரளவு பொருந்தும். எதிரி இல்லை, ஆனால் கூட்டத்தில் லைன் சுத்தமாகப் படுத்துவிடும், மயங்கி விழுந்தவர் கொஞ்ச நேரத்தில் ஆம்புலன்ஸில் போய்விடுவார். அங்கே கைபேசிக்குச் செலவு செய்வதைவிட, நல்ல அட்டை அடித்து எல்லோருக்கும் எழுதப் பழக்குவது மேல் என்பேன்.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கோலாலம்பூரில் நடக்கும் டிஎஸ்ஏ பாதுகாப்புக் கண்காட்சி மாதிரி இடங்களில் யாராவது இப்படி ஒரு செயலியை உங்களுக்குக் காட்டினால், ஏர்கான் குளிரில் அவர் காட்டும் அழகான திரையைப் பார்த்துத் தலையாட்டாதீர்கள். ஏரோபிளேன் மோடில் போடச் சொல்லுங்கள், ஒரு கையுறையை நனைத்து மாட்டிக்கொண்டு டூர்னிகே நேரத்தைப் பதியச் சொல்லுங்கள், பிறகு அந்தப் பதிவை இணையம் இல்லாமல் பக்கத்துக் கைபேசிக்கு மாற்றச் சொல்லுங்கள். அது முடிந்தபின் விலையைக் கேளுங்கள்.