நிலைக்கதவு பாலிஷ்: காரைக்குடிப் பக்கம் நாங்கள் ஏமாந்த விதம்

பர்மா தேக்கு நிலைக்கதவு. பழைய வார்னிஷை முழுக்க எடுத்து பி.யூ. (பாலியூரிதேன் பூச்சு) அடித்துத் தருவதாகச் சதுர அடிக்கு விலை பேசி, பாதிப் பணத்தை முன்கூட்டியே வாங்கினார் ஒப்பந்தக்காரர். அடித்ததோ மெலமைன் என்ற வேறு பூச்சு. அது வீட்டுக்குள் இருக்கும் சாமான்களுக்கானது. முகப்பில் வெயிலும் சாரலும் படும் கதவில் வெடித்துவிடும். ஐப்பசி மழையிலேயே கீழ்ப்பலகையில் செதில் செதிலாகப் பெயர்ந்தது.

அதைவிடப் பெரிய கேடு அதற்கு முன்பே நடந்துவிட்டது. வார்னிஷ் எடுக்கக் காஸ்டிக் சோடா என்ற காரத்தின் கரைசலைத் தடவி, குழாய்த் தண்ணீரில் கழுவி, மூன்றாம் நாளே பூச்சு போட்டார்கள். காரம் பட்டால் தேக்கு கறுக்கும், நார் எழும்பும். துளைகளில் தங்கும் காரம் மேல்பூச்சைப் பிடிக்க விடாது. வினிகர் கலந்த நீரால் துடைத்து, நல்ல தண்ணீரில் கழுவி, ஒரு வாரமாவது நிழலில் உலரவிட்டிருக்க வேண்டும். கறுப்பை மறைக்க வால்நட் நிறச் சாயம் ஏற்றிவிட்டு, "பழைய மரம் இப்படித்தான் சார்" என்றார்கள். சமதளத்தில் தேய்ப்பு கிரைண்டர் ஓட்டியதால் பிறைபிறையாகத் தழும்பு. கதவில் செதுக்கிய தாமரை இதழ்களின் விளிம்பு மழுங்கிவிட்டது. அதை எந்தப் பாலிஷும் திருப்பித் தராது.

வேலை கொடுக்குமுன் பழைய பூச்சு எதுவென்று பாருங்கள். ஸ்பிரிட் நனைத்த பஞ்சில் கரைந்தால் அரக்குப் பாலிஷ், என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரில் கரைந்தால் லாக்கர் பூச்சு. இரண்டுக்கும் அசையாவிட்டால் பெரும்பாலும் எண்ணெய் வார்னிஷ் அல்லது பி.யூ. அரக்குக்கு ஸ்பிரிட்டே போதும். மற்றதற்குப் பெயின்ட் ரிமூவரைக் கனமாகத் தடவி, பிளாஸ்டிக் தாளால் மூடி, டப்பாவில் சொன்ன நேரம் ஊறவிட்டு, மர ரேகை ஓடும் திசையில் சுரண்டச் சொல்லுங்கள். சிற்ப வேலைக்கு மூங்கில் சிம்பும் பழைய பல்துலக்கியும். இரும்பு பிரஷ் கூடவே கூடாது. அதன் துகள் ஈரத்தோடு தேக்கில் தங்கினால் கறுப்புப் புள்ளி விழும். பழைய எனாமல் பெயின்ட் இருந்தால் உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள், அதில் ஈயம் இருக்கலாம்.

பிறகு 120, 180, 220 எண் எமரித் தாளால் தேய்ப்பு, அந்த வரிசையில். தேக்கின் எண்ணெய் மேலே கசிந்துகொண்டே இருக்கும். அதனால் முதல் பூச்சுக்குச் சற்று முன் தின்னரால் துடைக்க வேண்டும். பூச்சு ஒரு டப்பாவிலும் அதை இறுகவைக்கும் ஹார்டனர் இன்னொன்றிலுமாக வரும் வெளிப்புறத்துக்கான பி.யூ.வை உங்கள் முன்னால் உடைத்து, டப்பாவில் போட்ட அளவில் கலக்கட்டும். மூன்று பூச்சு, நடுவில் 320 எமரி.

முதலில் கதவின் பின்புறம் ஒரே ஒரு பலகையை முடித்துக் காட்டச் சொல்லுங்கள். அது காய்ந்து, கையால் தடவிப் பார்க்கும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.