சுங்கை சிப்புட் முதியோருக்குக் கட்டிலா, பகல் மையமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊரில் முதியோர் இல்லப் பேச்சு எழுந்தாலே "இருபது கட்டில் போடலாம்" என்றுதான் தொடங்குகிறார்கள். யாருக்கு எது வேண்டும் என்று முதலில் பார்ப்போம்.

ரூமா செரி கெனாங்கான் என்ற அரசாங்க முதியோர் இல்லம் பக்கத்துத் தஞ்சோங் ரம்புத்தானிலேயே இருக்கிறது. ஆனால் அது 60 வயதைக் கடந்த, ஆதரவற்ற, தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளக்கூடியவர்களுக்கு. பிள்ளைகள் சிங்கப்பூரில் இருந்தால் அந்தக் கணக்கில் வருவது சிரமம். படுக்கையில் விழுந்தவர்களுக்கான அரசாங்க இல்லமான ரூமா எஹ்சானோ சிலாங்கூரின் கோலகுபு பாருவிலும் கிழக்குக் கரையின் டுங்குனிலும். டுங்குனுக்கு யார் போய்ப் பார்த்து வருவது?

ஈப்போவின் தனியார் இல்லங்களில் கவனிப்பு உண்டு. சேமநிதிப் பணத்தை வீட்டுக்கே கொட்டிவிட்ட ரப்பர்த் தோட்டப் பால்வெட்டுத் தொழிலாளிக்கு அந்த மாதக் கட்டணம் எட்டாது.

ஊரிலேயே இல்லம் கட்டினால்? நால்வரோ அதற்கு மேலோ தங்கினால் 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டப்படி சமூகநலத் துறையில் பதிய வேண்டும். அது நல்லதுதான். என் கவலை ராத்திரி ஆள்தான். ஐந்து பேர் தங்கினாலும் இருபது பேர் தங்கினாலும் ஒருவர் விழித்திருக்க வேண்டும். சின்ன ஊரில் அந்தச் சம்பளமே இல்லத்தை முடக்கிவிடும்.

ஆகவே பகல் மையம் என்கிறேன். அதற்கும் பதிவு வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பழைய ஆயாக்கொட்டகை பூட்டிக் கிடக்கிறது: மாடியில்லை, கிணற்றடி போல அகலமான குளியலறை, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து நடக்கும் தூரம். காலையில் வேன், வந்ததும் பசியாறல், ரத்த அழுத்தம் பார்ப்பது, குளிப்பாட்டுவது, மத்தியானம் ரசம் சோறு, சாயங்காலம் வீடு. பாவே எனப்படும் அரசாங்கத்தின் முதியோர் நடவடிக்கை மையங்களும் பகலில்தான் நடக்கின்றன, ஆனால் அவை நடமாடக்கூடியவர்களின் பொழுதுக்கானவை. நமக்குக் குளிப்பாட்டும் கை வேண்டும்.

குறையும் உண்டு. என் பக்கத்து வீட்டுப் பாட்டி இன்றும் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, கதவிடுக்கில் பால்வெட்டும் உளியைத் தேடுகிறார். கையில் டார்ச் லைட்டோடு, தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குக் கிளம்பிவிடுகிறார். அவருக்குப் பகல் மையம் போதாது. அவரைப் போன்றவர்களுக்காக அதே கொட்டகையில் பின்னால் சில கட்டில்கள் சேர்க்கலாம், முதலிலேயே வேண்டாம்.

பணம்? 1960இல் மலேசிய இந்தியர்களின் தலைவர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தோட்டத்து மக்கள் பத்துப் பத்து வெள்ளியாக (டாலராக)க் கொடுத்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். அவர் பிறந்த ஊர் இது. நாம் கேட்பது ஒரு வேனும் இரண்டு பேர் சம்பளமும்.