மலேசியா 30 நாளா, தாய்லாந்து 60 நாளா?

விசா இல்லாத பயணம் என்றால் வேலூர், ஆம்பூர்ப் பக்கம் முதலில் வாயில் வருவது மலேசியாதான். கிள்ளானிலோ ஈப்போவிலோ ஒரு சொந்தம் இருக்கும், மொழிக் கவலையும் இல்லை. காட்பாடியில் ரயிலேறிச் சென்னை போய் விமானம் பிடிப்பது இரண்டு ஊருக்கும் ஒன்றே. பத்து நாள் கல்யாணப் பயணத்துக்கு மலேசியாவே போதும். மூன்று வாரத்துக்கு மேல் இழுக்கும் என்றால் என் ஓட்டு தாய்லாந்துக்கு.

நாள் தீர்ந்துபோனால் என்ன ஆகும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

மலேசியாவின் 30 நாள் சலுகை 2026 டிசம்பர் 31 வரை. டிஜிட்டல் வருகை அட்டையைப் போவதற்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும். இலவசம், பணம் கேட்கும் தளத்தை மூடிவிடுங்கள். கெடு தாண்டினால் சட்டத்தில் எழுதியிருப்பது 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம் அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இரண்டு நாளுக்காக அவ்வளவு தூரம் போகமாட்டார்கள்தான். ஆனால் முடிவு எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரியின் கையில்.

தாய்லாந்தில் 2024 ஜூலை 15 முதல் 60 நாள். போதாவிட்டால் குடிவரவு அலுவலகத்தில் டிஎம்7 என்ற நீட்டிப்பு விண்ணப்பப் படிவம், போட்டோ, பாஸ்போர்ட் நகல், தங்கும் இடத்தின் டிஎம்30 ரசீது (நீங்கள் அங்கே தங்குவதை இடத்துக்காரர் குடிவரவுத் துறைக்குத் தெரிவித்ததற்கான சான்று), 1,900 பாட் கொடுத்து 30 நாள் நீட்டிப்புக் கேட்கலாம். பழைய கெடு முடியும் நாளிலிருந்துதான் புதியது ஓடும், ஆகவே முன்கூட்டியே போனால் நஷ்டமில்லை. அதையும் தவறவிட்டால் நாளொன்றுக்கு 500 பாட், உச்சம் 20,000. காய்ச்சலில் படுத்து விமானத்தை விட்டாலும் செலவு இவ்வளவுதான் என்று தெரியும். அதற்காக வேண்டுமென்றே தாண்டாதீர்கள். போலீஸ் சோதனையில் சிக்கினால் கதை வேறு.

பலர் கோட்டை விடுவது எண்ணிக்கையில். இறங்கும் நாளே முதல் நாள். ஜனவரி 5 இறங்கினால், பிப்ரவரி 28 நாள் உள்ள வருஷத்தில், 60ஆம் நாள் மார்ச் 5. 'இரண்டு மாசம்' என்று விரல் விட்டு எண்ணக் கூடாது. 60ஐக் குறைக்கும் பேச்சும் அங்கே அடிக்கடி எழுகிறது. டிக்கெட் போடும் முன் நடப்பு விதியைப் பாருங்கள், இறங்கியதும் முத்திரைத் தேதியைக் கவுண்டரிலேயே படித்துவிடுங்கள்.

மலேசியாவின் பினாங்கிலிருந்து தரைவழியாகத் தாய்லாந்தின் ஹாட்யாய் போகிறவர்களுக்கு ஒன்று: தாய்லாந்தின் விசா விலக்கில் தரை எல்லை வழி நுழைவு ஒரு காலண்டர் வருஷத்தில் 2 முறைதான்.