கிரீஸ் மேலேயே கறுப்புக் கோட்டிங்: காரின் அடிப்பாகம் கழுவக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு பக்கம் நடக்கட்டும். என்ன செய்து ஏமாற்றினார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் எந்தக் கடைக்குப் போனாலும் நீங்கள் உஷாராக இருக்கலாம், எனக்கு அதுதான் முக்கியம்.

என்னுடையது 2014 மாடல் டீசல் கார். வீடு தேவனாம்பட்டினம், கடற்கரைக்கு நடந்தே போகலாம். இங்கே உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே பொரிந்துபோகும், வண்டியின் அடிப்பாகத்தைச் சொல்லவே வேண்டாம். போதாக்குறைக்கு 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்து, அதற்கடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வெள்ளமாக வந்தபோது வண்டி ஆற்றோரத்தில் ஒரு உறவினர் வீட்டு வாசலில் நின்றிருந்தது. பாதிச் சக்கரம் வரை தண்ணீர். வடிந்த பிறகு மேலே கழுவினேன், அடியில் வண்டல் அப்படியே தங்கிவிட்டது. ஏற்கெனவே இருந்த எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து அது காய்ந்து களிமண் மாதிரி இறுகிப்போனது.

இந்த வருஷம் சித்திரையில் வண்டி நிற்கிற இடத்தில் தரையில் எண்ணெய்ச் சொட்டு தெரிய ஆரம்பித்தது. முதுநகரில் நான் வழக்கமாகப் போகும் மெக்கானிக் அண்ணன் பிட்டில் (வண்டிக்கு அடியில் நின்று பார்க்கிற பள்ளம்) ஏற்றிப் பார்த்துவிட்டு, "சார், அடி முழுக்கக் கிரீஸும் மண்ணும் அப்பியிருக்கு, இதுல எங்கேருந்து கசியுதுன்னு எப்படிப் பார்க்கிறது? சுத்தமா கழுவிட்டு ரெண்டு நாள் ஓட்டிட்டு வாங்க" என்றார். ஓடுகிற காற்றில் எண்ணெய் பின்பக்கமாகப் பரவும், அதனால் சொட்டு விழுகிற இடத்தில்தான் கசிவு என்று நினைக்கக்கூடாது, கழுவிய பிறகு மேலேயும் முன்னாலும் முதலில் எங்கே ஈரம் தட்டுகிறதோ அங்கேதான் பார்க்க வேண்டும் என்றும் விளக்கிச் சொன்னார். அவரிடம் பிரஷரில் தண்ணீர் அடிக்கிற வசதி இல்லை.

அடுத்த நாள் புதுச்சேரி போகிற மெயின் ரோட்டில் பெரிய ஃபிளெக்ஸ் வைத்திருந்த ஒரு வாட்டர் சர்வீஸில் விட்டேன். அடிப்பாகம் டீகிரீசிங் (கிரீஸ், எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது), ஆன்டி ரஸ்ட் கோட்டிங் (துரு பிடிக்காமல் இருக்கப் பூச்சு), இரண்டும் சேர்த்து 4,800 ரூபாய், இரண்டே மணி நேரம். "எனக்குக் கோட்டிங் வேண்டாம், எண்ணெய் கசிவு பார்க்கணும், கழுவி மட்டும் கொடுங்க" என்று தெளிவாகத்தான் சொன்னேன். "தனியா கழுவறது இல்லண்ணே, பேக்கேஜாத்தான் வரும். கோட்டிங் போட்டாலும் கசிவு நல்லாத் தெரியும்" என்றார் முதலாளி. அந்த இடத்திலேயே நான் வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும். உள்ளே வந்து பார்க்கிறேன் என்றதற்கு, தரை வழுக்கும், வெளியே உட்காருங்கள் என்று நாற்காலி போட்டார்கள். கம்ப்ரஸர் சத்தம் கேட்டது, கொஞ்ச நேரத்தில் டீசல் வாடை வந்தது, அப்புறம் பெயின்ட் வாடை. இரண்டு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டு செல்போன் லைட் அடித்துக் காட்டினார்கள். அடி முழுக்கப் புது வண்டி மாதிரி கறுப்பாக மின்னியது. பணத்தை ஜிபேயில் அனுப்பிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் அம்மாவை ஜிப்மருக்குக் கூட்டிப்போனேன். முள்ளோடை தாண்டும்போதே தார் எரிகிற மாதிரி வாடை. கிருமாம்பாக்கம் வருவதற்குள் முன்பக்கச் சந்திலிருந்து புகை. பின்சீட்டில் அம்மா இருமத் தொடங்கிவிட்டார்கள். வண்டியை ஓரங்கட்டி, 72 வயது அம்மாவை அந்த வெயிலில் இறக்கி மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலோடு ஓடிப்போய் குனிந்து பார்த்தேன். சைலன்சர் குழாய் முழுவதும் கறுப்புக் கோட்டிங்! சில நூறு டிகிரி சூடு ஏறுகிற குழாய் அது. அதன் மேல் தார் கலந்த கோட்டிங்கை அடித்து, பக்கத்திலேயே டீசல் ஊறிய கிரீஸையும் விட்டுவைத்திருக்கிறார்கள். தீப்பிடிக்காமல் போனது எங்கள் நல்ல நேரம். ஆட்டோ பிடித்துத்தான் அம்மாவை அனுப்பினேன்.

வண்டி நன்றாக ஆறிய பிறகு மெதுவாக ஓட்டிக்கொண்டு நேராக முதுநகர் போனேன். மெக்கானிக் அண்ணன் பிட்டில் இறங்கி பட்டித் தகட்டால் ஒரு கீறு கீறினார். கோட்டிங் தோசை மாதிரி அப்படியே உரிந்து வந்தது. உள்ளே அதே பழைய கிரீஸ், அதே வெள்ள வண்டல், டீசல் பட்டு இன்னும் சொதசொதவென்று. கழுவவே இல்லை! மேலாகத் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு, டீசல் அடித்து, பளபளப்புக்குக் கறுப்பை ஏற்றியிருக்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் எந்தக் கோட்டிங்கும் ஒட்டாது, பெயின்ட் அடிக்கிற எவருக்கும் இது தெரியும். ஒட்டாத கோட்டிங்குக்கும் தகட்டுக்கும் நடுவில் உப்பு மண்ணும் ஈரமும் மாட்டிக்கொண்டால் வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே துரு தின்னும். அதாவது கோட்டிங் போடாமல் விட்டிருந்தால்கூட என் வண்டி இதைவிட நன்றாக இருந்திருக்கும்.

அவர் ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட எனக்கு வயிறு எரிந்தது. கதவுகளுக்குக் கீழே ஓடும் தகட்டில் தண்ணீர் வடிவதற்குச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், அத்தனையும் அடைபட்டிருந்தன. ஐப்பசி மழையில் உள்ளே புகுந்த தண்ணீர் வெளியே வர வழியே இருந்திருக்காது. ஆயில் டிரெயின் போல்ட் மேலே கோட்டிங். ஆக்ஸில் பூட் (ஆக்ஸில் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை) மடிப்புக்குள் கோட்டிங். ஹேண்ட் பிரேக் கேபிளில் கோட்டிங். லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கையிலுள்ள ரப்பர்) டீசலில் நனைந்திருந்தது. சாதாரண ரப்பர் டீசலில் ஊறினால் உப்பி, மெத்தென்று ஆகி, சீக்கிரம் போய்விடும்.

அன்று சாயங்காலமே கடைக்குப் போனேன். "புதுக் கோட்டிங்னா முதல்ல கொஞ்சம் புகை வரும்ண்ணே" என்றார் முதலாளி. கிரீஸ் அப்படியே இருக்கிறதே என்று உரிந்த துண்டைக் காட்டினேன். "எண்ணெய் இருந்தா துரு பிடிக்காது, அது நல்லதுதானே, லாரிக்கெல்லாம் கழிவு ஆயில்தான் அடிக்கிறோம்" என்கிறார். இந்தப் பேச்சை நம்பிவிடாதீர்கள். சுத்தமான இரும்பின் மேல் எண்ணெய்ப் படலம் இருந்தால் துரு தள்ளிப்போகும், அது உண்மைதான். ஆனால் உப்பு மண் ஒட்டியிருக்கும்போது அதன் மேல் அடிக்கிற எண்ணெய் அந்த மண்ணைத்தான் பிடித்து வைத்துக்கொள்ளும், இன்னும் தூசியைச் சேர்த்துக் கெட்டியாக்கும். தவிர, நான் காசு கொடுத்தது கிரீஸை எடுப்பதற்கு. பணத்தைத் திருப்பித் தர மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அவர் கொடுத்த பில்லில் "சர்வீஸ் 4,800" என்பதைத் தவிர ஒரு வார்த்தை இல்லை.

அப்புறம் ஒரு ஞாயிறு முழுக்க மெக்கானிக் அண்ணனும் அவரிடம் வேலை செய்யும் தம்பியும் கையாலேயே சுத்தம் செய்தார்கள். நான் பக்கத்திலேயே இருந்தேன். எஞ்சின் ஆறிய பிறகுதான் தொட்டார்கள். முதலில் தண்ணீரே கிடையாது. கெட்டியாக இருந்ததைத் தகட்டால் சுரண்டினார்கள், ஒரு பெயின்ட் வாளி நிறைய வந்தது. அதற்குப் பிறகு தண்ணீரில் கரைகிற டீகிரீசரை பிரஷ்ஷால் தேய்த்து, பத்து நிமிஷம் ஊறவிட்டு, காய்வதற்குள் கழுவினார்கள், கறுப்புத் தண்ணீர் நிற்கிற வரைக்கும் அதையே திரும்பத் திரும்ப. ஒயர் கனெக்டர்களைப் பிளாஸ்டிக் கவரால் கட்டிவிட்டார்கள். வேறு எங்கே பிரஷரில் கழுவினாலும் சீல், பேரிங், சென்சார் ஒயர் பக்கத்தில் பிரஷர் துப்பாக்கியைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது என்று அந்தத் தம்பிக்கு அவர் இரண்டு தடவை சொன்னது என் காதில் விழுந்தது. சில இடங்களில் வேலை சீக்கிரம் முடிய காஸ்டிக் சோடா கலந்து ஊற்றுவார்களாம். கிரீஸ் போகும், ஆனால் கியர்பாக்ஸ் கூடு அலுமினியம், அதையும் சேர்த்து அரித்துவிடும்.

இன்னொன்றும் மெக்கானிக் அண்ணன் சொன்னார். சக்கரத்தின் உட்பக்கம் கறுப்புக் கிரீஸ் வட்டமாகத் தெறித்திருந்தால் ஆக்ஸில் பூட் கிழிந்திருக்கிறது என்று அர்த்தம், அதைக் கழுவுவதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். அழுக்கு எங்கே எப்படிப் படிந்திருக்கிறது என்பதை வைத்தே மெக்கானிக் பாதிக் கோளாறைச் சொல்லிவிடுவார்.

எனவே கோட்டிங் போடுவதாக இருந்தால், கழுவி முடித்ததும் நிறுத்தச் சொல்லுங்கள். லிஃப்டில் ஏற்றி, வெறும் தகடு தெரிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், விரலில் பிசுக்கு ஒட்டினால் கோட்டிங் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஈரம் முழுக்கக் காய வேண்டும், துருவைத் தேய்த்து எடுக்க வேண்டும், சைலன்சர், பிரேக், ரப்பர், போல்ட், வடிகால் ஓட்டை எல்லாவற்றையும் மறைத்து டேப் ஒட்ட வேண்டும். இத்தனையும் இரண்டு மணி நேரத்தில் முடியவே முடியாது. உள்ளே விடமாட்டேன் என்கிற கடையில் வண்டியை விடாதீர்கள். பில்லில் என்னென்ன வேலை என்று எழுதி வாங்குங்கள், எனக்கு இப்போது ஜிபே ரசீதும் உரிந்த கோட்டிங்கின் போட்டோவும்தான் ஆதாரம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பேசினேன், புகாரைப் பதிவு செய்துகொண்டு எண் கொடுத்தார்கள். அதில் முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, நடந்ததிலிருந்து 2 வருஷத்துக்குள் கொடுத்தால் போதும்.

கழுவி இரண்டு நாள் ஓட்டியதும் கசிவு தெரிந்துவிட்டது. கியர்பாக்ஸில் இடது டிரைவ் ஷாஃப்ட் ஆயில் சீல். சின்ன ரப்பர் வளையம், கூலியோடு சேர்த்து 1,500 ரூபாய்க்குள் முடிந்தது. ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்துவைக்கிறேன், மூன்று வாரமாகச் சொட்டு இல்லை. சைலன்சரில் மிச்சம் ஒட்டியிருப்பது மட்டும் இன்னும் வாடை அடிக்கிறது, அம்மா அந்த வண்டியில் ஏற மாட்டேன் என்கிறார்கள். புகாருக்குப் பதில் வந்ததும் இதன் கீழேயே எழுதுகிறேன்.