இருமலுக்கு அயர்லாந்தின் மூன்று பால்: எதைக் காய்ச்சலாம்?

அயர்லாந்தின் இருமல் கைமருந்துகளில் பாலில் காய்ச்சிக் குடிப்பவை மூன்று பேர்பெற்றவை: கராகீன் என்ற கடல்பாசி, வெங்காயம், மல்லின் என்ற செடியின் இலை. மூன்றுமே தொண்டைக்கு இதம் தரும், கிருமியைக் கொல்லாது. எதில் என்ன தவறு நேரும் என்பதில்தான் பெரிய வித்தியாசம்.

வறட்டு இருமலுக்கு என் முதல் தேர்வு கராகீன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நன்றாக உள்வாங்கும்போது, பாறையைப் பற்றிய அடியை விட்டுவிட்டு மேல்பகுதியை மட்டும் அறுப்பார்கள். அப்போதுதான் மறுபடி தழைக்கும். புல்தரையில் பரப்பி, நனைத்து நனைத்துக் காயவைத்தால் கருஞ்சிவப்பு வெளுத்துப் பால்நிறமாகும். காய்ந்த பாசி 5 கிராமைப் பச்சைத் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவையுங்கள். மடிப்புகளில் ஒட்டிய மணலையும் குட்டிச் சிப்பிகளையும் விரலால் தடவி எடுங்கள். 1 லிட்டர் பாலில் போட்டு, சிறுதீயில் 20 நிமிடம் கிளறிக் காய்ச்சி, வடிகட்டித் தேன் சேர்த்துச் சூடாகக் குடிக்க வேண்டும். அளவு 8 கிராமைத் தாண்டினால், ஆறியதும் புட்டிங்காக உறைந்துவிடும். பாசியின் பசைச்சத்து பால் புரதத்தோடு பிணைவதால், தண்ணீரைவிடப் பாலில் சீக்கிரம் இறுகும். எலுமிச்சை பிழிவதென்றால் தண்ணீரில் காய்ச்சியதில் மட்டும்; பாலில் பிழிந்தால் திரிந்துபோகும்.

பாசி கிடைக்காவிட்டால் வெங்காயம். பெரிதாக ஒன்றை நறுக்கி, 300 மி.லி. பாலில் குழையும்வரை வேகவைத்து, உப்பும் மிளகும் போட்டுப் படுக்கப்போகும்முன் வெங்காயத்தோடு சாப்பிடுவது. தீ அதிகமானால் பால் திரியும், அவ்வளவுதான். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு ஒத்துவராது.

மல்லின் ஒருகாலத்தில் காசநோய்க்கே கொடுக்கப்பட்டது. டப்ளின் மருத்துவர் குயின்லன் 1883இல் இதைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். உலர்ந்த இலை 28 கிராம், பால் 570 மி.லி., 10 நிமிடக் கொதி. இலை முழுக்கக் கம்பளி போன்ற ரோமம். காய்ச்சிய பாலை மெல்லிய துணியில் வடிக்காமல் குடித்தால் தொண்டை அரித்து இருமல் கூடும். அதைவிடப் பெரிய ஆபத்து, பூக்காத முதல் வருடச் செடி பார்வைக்கு ஃபாக்ஸ்குளோவ் செடியைப் போலவே இருப்பது. ஃபாக்ஸ்குளோவ் அயர்லாந்து வேலியோரமெங்கும் முளைக்கும், இதயத் துடிப்பையே குலைத்துவிடும். மல்லின் இலை இருபுறமும் வெண்கம்பளியாக இருக்கும். ஃபாக்ஸ்குளோவ் இலையில் அவ்வளவு ரோமம் இராது, ஓரம் பற்கள் போல இருக்கும், அடியில் நரம்புகள் வலைபோலத் துருத்தும். செடியை நன்கு அறிந்தவர் பக்கத்தில் இல்லையென்றால் பறிக்கவே வேண்டாம்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எதிலும் தேன் கூடாது. இருமல் இரண்டு வாரம் தாண்டினாலோ சளியில் ரத்தம் வந்தாலோ, அடுப்பை அணைத்துவிட்டுச் சளிப் பரிசோதனைக்குப் போங்கள்.