ஆவி படியாத பாதுகாப்புக் கண்ணாடி: ஓர் ஆய்வகத்தின் மதிப்பீடு

அமிலம் கையாளும் பணியாளர்களுக்காக, உட்புறத்தில் ஆன்டிஃபாக் பூச்சுள்ள பாதுகாப்புக் கண்ணாடிகளை எங்கள் ஆய்வகத்தில் அண்மையில் வாங்கினோம். பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக்கால் ஆன லென்ஸ், முகத்தோடு ஒட்டிக்கொள்ளும் மென்மையான சட்டம், தலைக்குப் பின்னால் இழுத்துவிடும் எலாஸ்டிக் பட்டை என்று, பார்வைக்கு எல்லாக் கடைகளிலும் தொங்கும் சரக்கைப் போலத்தான் இருக்கிறது. வேறுபாடு, பொறித்திருக்கும் சிறு எழுத்துகளில் இருக்கிறது. ஐரோப்பியத் தரமான இஎன் 166-இன்படி, லென்ஸில் உள்ள ‘என்’ (N) என்ற ஆங்கில எழுத்து ஆவி படிவதற்கு எதிரான சோதனையில் அது தேறியதையும், சட்டத்தில் உள்ள 3 என்ற எண் தெறிக்கும் திரவத் துளிகளிலிருந்து காப்பதையும் குறிக்கின்றன. அட்டைப் பெட்டியில் எவ்வளவு பெரிதாக விளம்பரம் செய்திருந்தாலும், அந்த ‘என்’ இல்லாத கண்ணாடிக்கு நான் காசு கொடுக்க மாட்டேன். ஆனால் அதையே முழுதாக நம்பிவிடவும் முடியாது. சோதனையில் 8 விநாடி மங்காமல் இருந்தாலே தேர்ச்சிதான், நம் வேலையோ மணிக்கணக்கில் நீள்கிறது.

பூச்சு ஈரத்தைத் தடுப்பதில்லை. படியும் ஈரம் நுண்துளிகளாகத் திரண்டு ஒளியைச் சிதறடிப்பதற்குப் பதிலாக, மெல்லிய நீர்ப்படலமாகப் பரவிவிடுவதால் பார்வை தெளிவாக இருக்கிறது. அந்த வேலையை இந்தக் கண்ணாடி நன்றாகவே செய்கிறது. அமிலத்தொட்டியின் அருகே வியர்த்து வழியும்போதும் அளவுமானியின் கோடுகளைப் படிக்க முடிகிறது. மேலும் கீழும் உள்ள, நேராகத் திறக்காமல் மறைப்புப் போட்ட காற்றுத்துளைகளும் இதற்குக் காரணம். திறந்த துளைகள் இன்னும் அதிகக் காற்றை விடும் என்றாலும் அமிலத் துளியையும் உள்ளே விட்டுவிடும் என்பதால், ரசாயன வேலைக்கு அவை ஆகாது.

குறை இருப்பது வெளிப்புறத்தில். அங்கே பூச்சு இல்லை. சென்னை போன்ற கடலோர ஊரில் காற்றின் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, பல நாள்களில் 25 டிகிரியை ஒட்டியே இருக்கும். 22 டிகிரி ஏசி அறையில் வைத்திருந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தால் வெளிப்பக்கம் நொடியில் வெளுத்துவிடுகிறது. கண்ணாடி மாட்டும் கொக்கிகளை ஏசி அறைக்கு வெளியே மாற்றிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, அளவெடுத்து முடித்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிடும் பழக்கம்: நெற்றி வியர்வையின் ஆவி முழுவதும் லென்ஸுக்குள் தேங்கிவிடுவதால், திரும்ப இறக்கும்போது எந்தப் பூச்சும் அதைத் தாங்குவதில்லை. முகக்கவசம் அணிபவர்கள் அதன் மூக்குக் கம்பியைச் சரியாக அழுத்திவிடாவிட்டால், மூச்சுக்காற்று மேல்நோக்கி வந்து கீழ்த்துளைகள் வழியாக உள்ளே புகுகிறது.

பவர் கண்ணாடி அணிபவர்கள் அதன் மேலேயே இதை மாட்டிக்கொள்ளும் அளவுக்கு உள்ளே இடம் உண்டு. ஆனால் உள்ளே இருக்கும் அவர்களுடைய சொந்தக் கண்ணாடிக்குப் பூச்சு இல்லாததால் அது தனியாக மங்குகிறது. தனியாக விற்கும் ஆன்டிஃபாக் ஸ்ப்ரேயை நான் பரிந்துரைப்பது அவர்களுக்கு மட்டும்தான். பூச்சுள்ள லென்ஸின் மேல் அதை அடிப்பதால் புதிதாக ஒரு பயனும் தெரியவில்லை.

பராமரிப்பில்தான் இதன் ஆயுள் இருக்கிறது. உலர்ந்த துணியாலோ சட்டை நுனியாலோ துடைத்தால், லென்ஸில் ஒட்டியிருக்கும் உப்புத்தூளே பூச்சை அரம் போல அராவிவிடும். குழாய்த் தண்ணீரில் அலசி, உதறி, தானாக உலரவிடுவதே நல்லது. ஈரமாக இருக்கும்போது பூச்சு இளகியிருக்கும் என்பதால் உட்புறத்தைத் தேய்க்கவே கூடாது. அசிட்டோன் என்ற கரைப்பானால் துடைத்தால் அது பாலிகார்பனேட்டையே கெடுத்துவிடும். பற்பசை தடவினால் மங்காது என்ற யோசனையை எங்கள் ஆள்களும் சொன்னார்கள்; பற்பசையில் இருக்கும் தேய்ப்புத்தூள் லென்ஸில் கீறல் போடும் என்பதால் நான் அனுமதிக்கவில்லை.

சாதாரணக் கண்ணாடியைவிட விலை கூடுதல் என்றாலும், மங்கிவிட்டது என்று வேலைக்கு நடுவே கழற்றுவது குறைந்திருப்பதால் அந்தச் செலவு எனக்கு உறுத்தவில்லை. உறுத்துவது வேறு: மாற்று லென்ஸ் தனியாகக் கிடைக்காது என்று கடைக்காரர் கைவிரிக்கிறார். பூச்சு தேய்ந்துவிட்டால் நன்றாக இருக்கும் சட்டத்தையும் பட்டையையும் சேர்த்துத்தான் தூக்கிப் போட வேண்டும் என்பதால், அடுத்த முறை லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய மாதிரியைத்தான் கேட்கப் போகிறேன்.